கார்மெனேரைக் காத்தவர்

பெயுமோ
11 டிசம்பர் 1994

அன்புள்ள மாப்பிள்ளை உலீசெஸுக்கு,

பால்தொமேரோ எழுதிக்கொள்வது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பதினெட்டு வருடமாக ஒரு வரி எழுதாதவனுக்கு இன்று என்ன வந்தது என்று கேட்பாய். கேள், நியாயம்தான். வீட்டு முகவரிக்கு எழுதினால் தங்கச்சி கிரிசெல்தா உனக்கு முன்னால் பிரித்துப் படித்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அவள் கை அப்படி. அதனால்தான் நீ வேலை பார்க்கும் நகராட்சிப் பூங்காவுக்கு எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் தோறும் தொலைபேசியில் பேசும்போது அவள்தான் சொல்வாள், நீ அங்கே மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய் என்று. மழையே தெரியாத அந்தோஃபகாஸ்தாவில் மரம் வளர்க்க உன்னை விட்டால் ஆளேது!

இங்கே எல்லோரும் நலம். என் வீட்டுக்காரி எர்சிலியாவுக்கு முழங்கால் வலி. வலியெல்லாம் முழங்காலில்தான், வாய்க்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு அறுபது ஆகப்போகிறது. முதலாளி தோன் ஃபெர்மினின் திராட்சைத் தோட்டத்தில் நான்தான் இன்னும் கங்காணி. முதலாளிக்குக் காது மந்தமாகிவிட்டது, நான் கத்திக் கத்தியே காலம் போகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பிரான்சிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தாராம். இலையையும் பூவையும் பார்த்தே திராட்சைக் கொடியின் குலம் கோத்திரம் சொல்லிவிடுகிற ஆள். தலைநகர் சாந்தியாகோ பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில் மெர்லோக் கொடி முன்னால் குனிந்து, பூவைப் பார்த்துவிட்டு, "இது மெர்லோவே இல்லை" என்று சொல்லிவிட்டாராம். நாடே சிரிக்கிறது. போன வாரம் விவசாயத் துறையிலிருந்து ஒரு பெண் நம் தோட்டத்துக்கும் வந்தாள். அந்தப் பன்னிரண்டு ஹெக்டேர் இருக்கிறதே, நீ முன்பு இங்கே நடத்திய நாற்றங்காலில் இருந்து வந்தது, அதில் ஒவ்வொரு வரிசையாக நடந்தாள். இளந்தளிரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மெர்லோத் தளிரின் அடிப்புறம் வெள்ளையாக இருக்குமாம், இதில் செம்பு நிறம்.

"ஐயா, இதுல முக்காவாசி கார்மெனேர்" என்றாள்.

"அப்படின்னா என்னம்மா?"

"பிரான்சுல செத்துப்போச்சுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருந்த கொடி."

நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னால் நம் பெரிய பண்ணைக்காரர்கள் பிரான்சின் போர்தோவில் இருந்து கப்பலில் நடுவதற்குக் கொடிக்குச்சிகள் கொண்டுவந்தார்கள் அல்லவா, அந்தக் கட்டுகளில் மெர்லோவோடு கலந்து இதுவும் வந்துவிட்டதாம். அப்புறம் அங்கே வேரைத் தின்னும் வேர்ப்பேன் பூச்சி விழுந்து தோட்டம் தோட்டமாக அழித்திருக்கிறது. மறுபடி நட்டபோது இதை யாரும் சீண்டவில்லை. பூக்கிற நேரத்தில் குளிர்மழை பெய்தால் பூ பூராவும் கொட்டிவிடுமாம், அவர்களுக்கு அலுத்துப்போயிருக்கிறது. இங்கே வேர்ப்பேனும் இல்லை, கோடை மழையும் இல்லை. மெர்லோ என்ற பெயரில் நிம்மதியாக இருந்துவிட்டது.

இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறொன்றும் இல்லை.

உன் மச்சான்
பால்தொமேரோ

•

அந்தோஃபகாஸ்தா
3 ஜனவரி 1995

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

பேராசிரியர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நாம் இரண்டு மெர்லோ என்று நினைத்தோம், சீக்கிரம் பழுக்கிற மெர்லோ, மந்தமாகப் பழுக்கிற மெர்லோ. பெயர் விஷயத்தில் நானும் தப்பு. ஆனால் அதன் குணத்தை நான் தப்பாகச் சொல்லவில்லை. இலை ரத்தச் சிவப்பாகிற கொடி மந்தம், அதன் பழத்தை மூன்று வாரம் கழித்துப் பறி, அவசரப்பட்டால் குடைமிளகாய் வாசம் அடிக்கும் என்றேன். குலையை மறைக்கும் இலையைக் கிள்ளி வெயில் காட்டு, தண்ணீரைக் குறை என்றேன். உனக்கு நினைவிருக்கும்.

இப்போது எப்போது பறிக்கிறீர்கள்? இன்னும் அந்த வாசம் வருகிறதா?

எர்சிலியாவின் முழங்காலுக்கு என் விசாரிப்பு.

உலீசெஸ்

•

பெயுமோ
22 ஜனவரி 1995

என் அன்பான மாப்பிள்ளை,

உன் கடிதத்தைக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று நாலு தடவை படித்தேன். இவ்வளவு சின்னக் கடிதம் எழுத உனக்கு யார் கற்றுக்கொடுத்தது? தந்தி மாதிரி இருக்கிறது. ஆனாலும் நீ பதில் போட்டாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எப்போது பறிக்கிறோம் என்று கேட்டாய். மென்று முழுங்காமல் சொல்கிறேன். நீ சொன்ன மாதிரிதான், மூன்று வாரம் கழித்து. நீங்கள் ஊரை விட்டுப் போன மறு வருடமே ஆரம்பித்துவிட்டேன். பிழிகிற எந்திரம் பழுது என்று முதலாளியிடம் ஒரு பொய் சொல்லி, அந்தப் பன்னிரண்டு ஹெக்டேரை மட்டும் கொடியிலேயே விட்டுவைத்தேன். இலையெல்லாம் சிவந்து, தோட்டமே நெருப்புப் பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் பறித்தோம். மாப்பிள்ளை, அந்த ஒயினை நீ குடித்துப் பார்த்திருக்க வேண்டும்! பச்சை வாசம் போன இடம் தெரியவில்லை. கறுஞ்சிவப்பு, துணியில் பட்டால் போகாது. தொண்டையில் கொஞ்சமும் உறுத்தாமல் இறங்குகிறது, மிளகும் புகையும் கலந்த வாசம் அப்புறம் மெதுவாக வருகிறது. முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "பால்தொமேரோ, நீ மூளைக்காரன்டா!" என்றார். யார் சொன்ன யோசனை என்று நான் சொல்லவில்லை. அந்த வருடமும் சொல்லவில்லை, அதற்கடுத்த வருடமும் சொல்லவில்லை.

இப்போது அது வினையாக வந்து நிற்கிறது. பள்ளத்தாக்கில் எல்லோரும் இத்தனை காலம் பச்சையாகப் பறித்தபோது, நம் தோட்டம் மட்டும்தான் கார்மெனேரைப் பழுக்கவிட்டது என்று அந்தத் துறைப் பெண் எழுதிவிட்டாள். நகராட்சிக்காரர்கள் குதிக்கிறார்கள். மே ஏழாம் தேதி அறுவடைத் திருவிழாவில் எனக்குப் பதக்கம், மார்பில் குறுக்கே ஒரு பட்டை. அதில் என்ன எழுதப்போகிறார்கள் தெரியுமா? 'கார்மெனேரைக் காத்தவர்.'

நீ வா. மேடைக்குப் பக்கத்தில் உனக்கு நாற்காலி போடச் சொல்கிறேன். எழுபத்தாறாம் வருடத் திருவிழாவில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். ஏதோ கோபம், குடி வேறு. அதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் வரவை எதிர்பார்க்கும்
பால்தொமேரோ

•

அந்தோஃபகாஸ்தா
9 பிப்ரவரி 1995

மச்சானுக்கு,

கொஞ்சம் அதிகமாகவா?

ஊரே கூடியிருந்தது. பாதிரியார் புது ஒயினுக்கு ஆசீர்வாதம் சொல்லி முடித்திருந்தார். அறுவடை ராணியாக நின்ற பெண் கையிலிருந்து ஒலிபெருக்கியை நீ பிடுங்கினாய். "எல்லாரும் கேட்டுக்குங்க! என் தங்கச்சி புருஷன் ஒரு திருட்டுப் பய. மெர்லோன்னு சொல்லி ஒண்ணுக்கும் உதவாத கொடிய என் முதலாளி தலையில கட்டிட்டான். இந்த ஒயின நாய்கூட மோந்து பாக்காது." இதுதான் நீ பேசியது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்று நீ குடித்திருக்கவும் இல்லை. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன், வாசம் தெரியாதா எனக்கு?

ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பள்ளத்தாக்கில் ஒருவன்கூட அதன்பின் என்னிடம் ஒரு குச்சி வாங்கவில்லை. தேவாலயத்தில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை.

நீ என் யோசனையை எடுத்துக்கொண்டது பெரிதில்லை. கொடி பிழைத்ததே, அது போதும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கொடிகளுக்கான குச்சிகளை எனக்கு வெட்டிக் கொடுத்தது யார்?

அதற்குப் பதில் எழுது. நாற்காலியெல்லாம் அப்புறம் போடலாம்.

உலீசெஸ்

•

பெயுமோ
26 பிப்ரவரி 1995

மாப்பிள்ளை,

நான்தான்.

இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்குப் பத்து நாள் ஆயிற்று. பேனாவை எடுப்பேன், வைப்பேன். "யாருக்குய்யா இப்படி உருகி உருகி எழுதுற, காதலிக்கா?" என்று எர்சிலியா கிண்டல் செய்கிறாள்.

எழுபத்திரண்டாம் வருடம் இலையுதிர் காலத்தில் நீ என்னிடம் ஒரு கட்டு துணிக்கீற்றுகள் கொடுத்தாய். "மச்சான், பழைய தோட்டத்துல ரெண்டும் கலந்து கெடக்கு, செவக்குறதுதான் அதிகம். இலை இருக்கும்போதே பாத்து, மஞ்சளாகுற கொடிக்கு மட்டும் கட்டிடு. செவக்குறத விட்டுடு. குச்சி வெட்டுற கவாத்து நேரத்துல மொட்டையா நிக்கும், அப்ப பாத்தா பெத்த தாய்க்கும் அடையாளம் தெரியாது" என்றாய். நான் தலையாட்டினேன். மே மாதம் பூராவும் குதிரைப் பந்தயத்தில் கிடந்தேன். நாளைக்குக் கட்டலாம், நாளைக்குக் கட்டலாம் என்று தள்ளிப்போட்டேன். ஜூன் முதல் வாரம் மூன்று நாள் விடாமல் மழை. போய்ப் பார்த்தால் ஒரு கொடியில்கூட இலை இல்லை. உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். என்ன, ஒரு வருடம் தாமதமாகியிருக்கும். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மொட்டைக் கொடிகளுக்குக் கை போனபடி துணியைக் கட்டினேன். அந்தக் கொடிகளில் வெட்டிய குச்சிகளைத்தான் உனக்குக் கொடுத்தேன். நீ என்னை நம்பி வேர்விடவைத்தாய்.

நட்ட இரண்டாம் வருடம் இலை சிவந்ததும் நீ கண்டுபிடித்துவிட்டாய். அப்போதும் என்னைத்தான் காப்பாற்றப் பார்த்தாய். "போனா போகுது மச்சான், நமக்குள்ள இருக்கட்டும். மூணு வாரம் பொறுத்துப் பறிச்சா ஒருத்தனுக்கும் தெரியாது" என்றாய். அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. மார்ச் கடைசியில் முதலாளி பறிக்கச் சொன்னார், நான் எதிர்த்துப் பேசப் பயந்து பறித்துவிட்டேன். ஒயின் நாறியதும், "யாருடா இந்தக் கொடியக் குடுத்தது?" என்று கத்தினார். எனக்கு நாலு பிள்ளைகள். அந்த ராணுவ ஆட்சி எப்பேர்ப்பட்ட காலம் என்று உனக்குத் தெரியும், வேலை போனால் கூரையும் போயிற்று. உன் பெயரைச் சொல்லிவிட்டேன். திருவிழா மேடையில் ஏறிக் கத்தியது எதற்கு என்றால், யாரும் என்னைத் திரும்பிப் பார்த்துவிடக் கூடாதே என்றுதான். நான் முடிக்கும்வரை நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நீ வாயைத் திறந்தால் நான் தொலைந்தேன் என்று நடுங்கினேன். நீ திறக்கவில்லை.

சீ, என்ன மனிதன் நான்! எழுதும்போதே கூசுகிறது.

ஆனால் இதோடு விடப்போவதில்லை. மே ஏழாம் தேதி அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில், ஊர் முழுக்கக் கேட்கும்படி உண்மையைச் சொல்லப்போகிறேன். பதக்கத்தைக் கழற்றி, இது என் தங்கச்சி புருஷனுக்குச் சேர வேண்டியது என்று சொல்லப்போகிறேன். முதலாளி துரத்தினால் துரத்தட்டும். தயவுசெய்து நீயும் வந்து அதைக் கேட்க வேண்டும்.

வெட்கத்தோடு
பால்தொமேரோ

•

அந்தோஃபகாஸ்தா
17 மார்ச் 1995

மச்சான்,

எழுதிவிட்டாய். சந்தோஷம். பொய்யில்லை, உண்மையாகவே மனம் லேசானது. பூங்காவில் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரி வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

ஆனால் நீ மேடையில் எதையும் சொல்லக் கூடாது. ஒரு வார்த்தைகூட. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வடக்கே வந்த பஸ்ஸில் கிரிசெல்தாவிடம் ஒரே ஒரு முறை சொன்னேன். "நான் அதச் செய்யல." அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எங்க அண்ணன் பொய் சொல்ல மாட்டான்" என்றாள். எனக்கு ரோஷம். நானாகச் சொல்லியும் நம்பாதவளிடம் கெஞ்சுவதா? அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. மூன்று வருடம், மச்சான். ஒரே அறையில் இருந்தோம், ஒரே பானையில் சாப்பிட்டோம். சண்டையே போடவில்லை, அதுதான் கொடுமை. யாராவது என்னை நல்ல மனிதர் என்று சொன்னால் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். என்னை நினைத்து அவள் கூனிக் குறுகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் மகள் தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்கிய அன்று, வீட்டுக்கு வந்ததும் கிரிசெல்தா எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். "நீ ஒத்துக்கிட்டா போதும். நான் மன்னிச்சிடறேன். அதுக்கு மேல அதப் பத்திப் பேசவே மாட்டேன்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தேன். களைத்துப் போயிருந்தாள். எனக்கும் களைப்பு. "ஆமா, நான்தான் கலந்தேன். மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டேன். அவள் என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து இன்றுவரை என்னை ராஜா மாதிரி வைத்திருக்கிறாள். ஒரு குத்தல் பேச்சுகூடக் கிடையாது. பதினைந்து வருடமாக அந்த மன்னிப்பில்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது.

இப்போது நீ உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? குற்றமில்லாதவனை மூன்று வருடம் ஒதுக்கி வைத்தோம், அப்புறம் அவனுக்கு மன்னிப்பும் கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியவரும். அவளை நீ அறிவாய். அவமானத்திலேயே செத்துப்போவாள். அண்ணன் பொய்யன், புருஷனும் பொய்யன். நானும் அவளிடம் பொய்தான் சொன்னேன், மறந்துவிடாதே. அதை நினைத்தால் எனக்கும் தலை குனிகிறது.

பதக்கச் செய்தியை எர்சிலியா தொலைபேசியில் சொல்லிவிட்டாள். கிரிசெல்தா பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. நீலத்தில் ஓர் உடுப்பு தைக்கக் கொடுத்திருக்கிறாள். தெருவில் மீன் விற்கிறவனிடம்கூட, "எங்க அண்ணனுக்குப் பதக்கம் குடுக்குறாங்க, தெரியுமா?" என்கிறாள். இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் வரமாட்டேன். நீ பட்டையைப் போட்டுக்கொள். பதக்கத்தை வாங்கிக்கொள். கைதட்டுவார்கள், நின்று கேட்டுக்கொள். எல்லாவற்றையும் சொல்லி அழுது ஆறுதல் தேடலாம் என்று பார்த்தாய், அது உனக்குக் கிடையாது. எனக்கு நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

உலீசெஸ்

•

பெயுமோ
8 மே 1995

மாப்பிள்ளை,

நீ சொன்னபடி செய்துவிட்டேன்.

நேற்று நல்ல வெயில். சதுக்கம் நிறைய ஜனம். குதிரைக்காரர்கள் ஒரு வரிசை, பள்ளிப் பிள்ளைகள் ஒரு வரிசை. வறுத்த இறைச்சிப் புகை மேடைவரை வந்தது. பாதிரியார் புது ஒயினை ஆசீர்வதித்தார். பட்டையை மாட்டிவிட்டார்கள், அது தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. "நம்ம பள்ளத்தாக்கோட மானத்தக் காப்பாத்துன மனுஷன்!" என்று மேயர் கத்தினார். ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்தார்கள். "நன்றி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எவ்வளவு அடக்கமான மனிதர் என்று முன்வரிசையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கைதட்டல் நிற்கவே இல்லை. நான் நின்று கேட்டுக்கொண்டேன்.

கீழே இறங்கியதும் கிரிசெல்தா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நீல உடுப்பு அவளுக்கு அழகாக இருந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். பதக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், அப்பா இருந்திருந்தால் என்று அழுதாள். அப்புறம் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணா, நான் ஒண்ணு கேப்பேன், இல்லன்னு சொல்லக் கூடாது. இன்னைக்கு உனக்கு நல்ல நாள்."

"கேளும்மா."

"அவர மன்னிச்சிடேன். பாவம், வயசாயிடுச்சு. உன் முகத்துல முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டுதான் அந்த மனுஷன் வரல. வாய விட்டுச் சொல்ல மாட்டாரு, எனக்குத் தெரியும். உனக்கும் இந்தத் தோட்டத்துக்கும் அவரு அப்படி ஒரு துரோகம் செஞ்சதுக்கப்புறமும் நீ அந்தக் கொடிய புடுங்கிப் போடாம காப்பாத்துனியே, அந்தப் பெரிய மனசுல அவருக்கும் கொஞ்சம் எடம் குடு. நான் போயி அவருகிட்ட சொல்றதுக்கு உன் வாயால ஒரு வார்த்தை வேணும்."

எர்சிலியா பக்கத்தில் நின்றாள். முதலாளி காதில் கை வைத்துக்கொண்டு, "என்ன கேக்குது உன் தங்கச்சி?" என்றார். கிரிசெல்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ எழுதியது ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்தது.

அவள் இன்று மாலை பஸ் ஏறுகிறாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவள் வந்துவிடுவாள். வாசலிலேயே, பையைக்கூட இறக்காமல் சொல்லிவிடுவாள், அவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறாள். அவள் சொல்லும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. கேட்டுக்கொள்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளை. நான், உன்னை.

பால்தொமேரோ